பார்த்தும் பார்க்காமல்

பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் தாண்டிப் போய்விடுகிறவர்கள் பல பேர் உண்டு. நான் யாரிடமும் சண்டை போட்டவள் இல்லை. யார் குடியையும் கெடுத்தவளும் இல்லை. அவர்களெல்லாம் ஒரு காலத்தில் என்னிடம் வைத்தியம் பார்த்துப் பிழைத்தவர்கள். நான் கேன்சர் டாக்டர். என்னைப் பார்த்து ஒருத்தி சிரித்துவிட்டால், கூட வருகிறவள் "இந்தம்மாவை உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் தெருவைத் தாண்டுகிறார்கள். போகப் போக, அந்தச் சிரமமும் அவர்களுக்கு வேண்டாம் என்று நானே முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

எழுபதுகளில், கடல் தாண்டி வந்து குடியேறிய எங்கள் தமிழ் ஆட்களிடம் அப்படித்தான் இருந்தது. சர்க்கரை வியாதி என்றால் பெருமையாகக்கூடச் சொல்லுவார்கள். கேன்சர் என்றால் வீட்டுச் சுவருக்கும் கேட்கக் கூடாது. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு என்றால் சொல்லவே வேண்டாம். "அந்த வீட்டு ரத்தத்துலயே இருக்குதாம்" என்று ஒரு வாய் சொன்னால் போதும், அக்கா தங்கச்சி அத்தனை பேருக்கும் வரன் நின்றுபோகும்.

சனிக்கிழமைக் காலையில் அக்காவும் நானும் பாசாருக்கு நடந்து போவோம். அத்தான் போன பிறகு அக்கா தன் ஒரே மகனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். எனக்குக் கல்யாணம் காட்சி இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா என்னைப் படிக்க வைத்தார், அக்கா எனக்காகப் படிப்பை நிறுத்தினாள், நான் லண்டன் வரை போய்ப் படித்துவிட்டு வந்தேன். அதற்கு மேல் எனக்கு எதற்கும் நேரம் இருக்கவில்லை. பாசாரில் நான் சும்மா வருகிறவள் இல்லை. மீன்காரர் இருமினால் எத்தனை நாளாக என்று கேட்பேன். பூக்கடைக்காரியின் வீங்கிய காலைக் குனிந்து அமுக்கிப் பார்ப்பேன். "நீ கறிகாய் வாங்க வந்தியா, ரவுண்ட்ஸ் வந்தியா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் என் நோயாளி ஒருத்தி எதிரே வந்தால் மட்டும் நான் எவர்சில்வர் கடைப் பக்கம் திரும்பிக் குடங்களைப் பார்ப்பேன். அவள் தாண்டிப் போகும்வரை பார்ப்பேன். அக்கா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நிற்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாகிறவர்களைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கு அலுத்துப் போகாதா என்று எல்லாரும் கேட்பார்கள். செத்தவர்களுக்காக அழுதிருக்கிறேன், அது வேறு. என்னை அலுக்க வைத்தவர்கள் பிழைத்தவர்கள். கோபால்ட் கதிர் மெஷினில் படுக்க வைத்து, நோயை எரித்து, "போங்க, நல்லாயிட்டீங்க" என்று அனுப்பிவிட்டால் எங்கள் டிபார்ட்மெண்டுக்கு வேலை முடிந்தது. அவர்களுக்கு அப்போதுதான் ஆரம்பிக்கும். காஜாங்கிலிருந்து வருகிற சீன டாக்சிக்காரர் ஒருவர் இருந்தார். மூக்குக்குப் பின்னால் வந்த கட்டி போய்விட்டது, அதோடு எச்சிலும் வற்றிவிட்டது. சட்டைப்பையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் அவரால் நாலு வார்த்தை பேச முடியாது. ஊரே தேடி வந்து தின்னும் சாத்தே என்கிற சுட்ட கறி தனக்குக் காகிதத்தைத் தின்பது போல இருக்கிறது என்பார். மார்பை எடுத்த பெண்கள் ரவிக்கைக்குள் கைத்துண்டை மடித்து வைத்துக்கொண்டு, பஸ்ஸில் அது நகர்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே வருவார்கள். இவர்களையெல்லாம் யார் கேட்பது?

எனக்கு ஒரு அறை கொடுங்கள், நல்லான பிறகு வருகிறவர்களை மட்டும் பார்க்கிறேன் என்று கேட்டேன். படுத்திருக்கிறவர்களுக்கே கட்டில் போதவில்லை, நன்றாக இருக்கிறவர்களுக்கு எதற்குக் கிளினிக் என்றார் எங்கள் டிபார்ட்மெண்ட் பெரியவர். வருடக்கணக்கில் நச்சரித்தேன். கடைசியில் வெள்ளிக்கிழமை மத்தியானத்தை என் தலையில் கட்டினார்கள். பாதிப் பேர் தொழுகைக்குப் போயிருப்பார்கள், அறைகள் காலியாகக் கிடக்கும், யாருக்கும் வேண்டாத நேரம். எங்கள் பெண்களுக்கு அது அதைவிட மோசம். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆஸ்பத்திரிக்கா டாக்டர்? விளக்கேத்தணுமே" என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஏம்மா, விளக்கேற்ற ஆள் வீட்டில் இருக்க வேண்டாமா என்று கத்துவேன். சிலர் வந்தார்கள். பலர் வேண்டுதலை நிறைவேற்றி, பால்குடம் எடுத்து முடித்துவிட்டு, இனிமேல் டாக்டரிடம் போனால் சாமியைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகும் என்று நின்றுவிட்டார்கள். அப்படி நின்றவர்களில் சிலர் காலம் கடந்து திரும்பி வந்தார்கள். அவர்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஒழுங்காக வந்தவர்களில் ஒருத்தி கிள்ளானிலிருந்து வந்த பெண். முதலில் வந்தபோது பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு டைப்பிங் படித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று அம்மாக்காரி மஞ்சள் பற்றுப் போட்டு, சீன வைத்தியரிடம் காட்டி, பிறகுதான் எங்களிடம் கொண்டுவந்தாள். அது சாதாரண நெறியில்லை. ஆனாலும் கேன்சரிலேயே பிழைக்க வைக்கக்கூடிய ஜாதி. கழுத்துக்கும் நெஞ்சுக்கும் அந்த மெஷினில் கரண்டு வைத்தோம். தொண்டை வெந்து, பின்கழுத்து முடி கொட்டி, கஞ்சி குடிக்கவும் அழுதாள். அக்கம்பக்கத்தில் டான்சில் என்று சொல்லியிருந்தார்கள். "எவ்வளவு நாளுக்குத்தான் டாக்டர் ஒரு டான்சிலு?" என்று அந்த வலியிலும் என்னைக் கேட்டுச் சிரித்தவள் அவள்.

கட்டி கரைந்தது. முடி வளர்ந்தது. கழுத்தின் கீழ்ப்புறம் கொஞ்சம் கருத்த தோலும், மெஷினுக்கு அடையாளமாக நெஞ்சில் ஊசியால் குத்திய ஒரு கரும்புள்ளியும் மிச்சம். சங்கிலி போட்டால் அதுவும் தெரியாது. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். வருடங்கள் ஓடின. ஒவ்வொரு தடவையும் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, பின்னால் நின்று, காதுக்குக் கீழிருந்து தோள் எலும்புவரை விரலால் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்று நான் சொல்லும்வரை அவள் மூச்சு விட மாட்டாள். சொன்னதும் "பொய் சொல்லலையே?" என்பாள். "உன்கிட்ட பொய் சொல்லி எனக்கு என்னடி கிடைக்கப் போகுது?" என்பேன்.

ஒரு தடவை அவளுக்கு ஒரு வரன் பேசி முடிகிற நேரத்தில், மாப்பிள்ளை வீட்டாரில் யாரோ அவளை எங்கள் வராண்டாவில் பார்த்துவிட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அதற்குப் பிறகும் அவள் வந்தாள், தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, பின்வாசல் வழியாக. அது எவ்வளவு பெரிய தைரியம் என்று எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்கா மகனுக்குப் பெண் தேட ஆரம்பித்தாள். அவன் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர். பெண் பார்க்கப் போகும்போதெல்லாம் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். "டாக்டர் கண்ணு ஒண்ணு கூட இருக்கட்டும்" என்பாள். நானும் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். மயக்கம் வருமா, சாப்பாடு இறங்குகிறதா, நகம் ஏன் வெளுத்திருக்கிறது என்று கேட்டு ஒரு வீட்டில் பெண்ணை அழவே வைத்துவிட்டேன். பல்லைப் பிடித்துப் பார்க்காத குறைதான் என்று திரும்பும் வழியெல்லாம் அக்கா திட்டினாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனோம். பெண் நல்ல மாதிரி, வேலைக்குப் போகிறாள், அப்பா இல்லை, அம்மா மட்டும்தான் என்றார் தரகர். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒரு சின்ன லிங்க் வீடு. உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து தட்டில் காப்பியோடு பெண் வந்தாள்.

அவள்தான்.

தட்டு ஆடியது, காப்பி சாசரில் சிந்தியது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும்: முடிஞ்சு போச்சு, என்ற ஒன்றுதான். நான் என்ன செய்தேன்? பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். முகத்தைத் திருப்பி, சுவரில் தொங்கிய ஒரு மளிகைக் கடைக் காலண்டரைப் பார்த்தேன். காப்பியைக் கையில் வாங்கினேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. அக்கா ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள், மகன் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். அம்மாக்காரி பின்னாலேயே ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், நீங்க அவங்களுக்குச் சொந்தம்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வரச் சொல்லியிருக்க மாட்டேன் டாக்டர். என் பொண்ணு வாழ்க்கை..."

"அம்மா, நான் உங்களை முன்ன பின்ன பார்த்ததே இல்ல. கையை விடுங்க" என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்தில் அழுதாள்.

திரும்பும் வழியில் மகன் கார் ஓட்டினான். ஃபெடரல் ஹைவேயில் எப்போதும்போல நெரிசல். அக்கா பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஷா ஆலம் தாண்டினோம். பிறகு, "எப்படி, பொண்ணு?" என்றாள்.

என் கூடப்பிறந்தவள். எனக்காகப் படிப்பை விட்டவள். அவளுடைய ஒரே பிள்ளை முன்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறான். சொன்னால் அந்தப் பெண்ணின் வாழ்வு இந்தக் காரிலேயே முடிந்தது. சொல்லாவிட்டால், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால், அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆனால் ஒரு நோயாளி என்னிடம் கொடுத்ததை என் அக்காவிடம் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அது என்னுடைய சரக்கு இல்லை.

"நல்ல பொண்ணு" என்றேன். அது பொய்யில்லை.

"உடம்புக்கு எப்படி?"

"நல்லாத்தான் இருக்கா."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண் என் கிளினிக்குக்கு வந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை, கதவோரமாகவே நின்றாள்.

"உங்க அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா நீ சொல்லணும். அவன்கிட்டயாவது சொல்லு."

"சொன்னா கட்டுவாங்களா?"

"தெரியாது."

"உங்களுக்கே தெரியாதுங்கறீங்க. போன தடவை என்ன ஆச்சுன்னு பார்த்தீங்கல்ல?" அவள் குரல் உயர்ந்தது. "டாக்டர், எனக்கு நல்லாயிடுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? நல்லாயிடுச்சுன்னா அது இல்லன்னுதான அர்த்தம்? இல்லாத நோயை நான் எதுக்குச் சொல்லணும்?"

நோய் போய்விட்டது என்றும் நான்தான் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு என்றும் நான்தான் சொல்கிறேன். "சொல்லிட்டு நிம்மதியா இருடி" என்று மட்டும் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "நிம்மதியெல்லாம் உங்களை மாதிரி ஆளுங்களுக்கு டாக்டர். எனக்கு ஒரு வீடு வேணும்லா" என்றாள்.

கல்யாணம் நடந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபத்தில்தான். என் நோயாளி ஒருத்தியின் கல்யாணத்துக்கு நான் முதல்முதலாகப் போனேன், அதுவும் மாப்பிள்ளை வீட்டுக்காரியாக. முறைப்படி எனக்கு நமஸ்காரம் செய்ய அவள் குனிந்தபோது, நெஞ்சின் கரும்புள்ளியைத் தாலிச் சரடு மறைத்திருந்தது. "நல்லா இரு" என்று சொன்னேன். உள்ளே இருந்தது சந்தோஷமா பயமா என்று பிரித்துப் பார்க்க எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

அதோடு கிளினிக்குக்கு வருவது நின்றது. பெட்டாலிங் ஜெயாவில் வீடு எடுத்தார்கள், எங்கே போனாலும் அவன் காரில் கொண்டுபோய் விடுவான், மாதத்தில் பாதி நாள் அக்காவும் அங்கேதான். என்ன சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வருவாள்? என்னைச் சின்னம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் அவளை டாக்டராகப் பார்ப்பது எப்படி?

கழுத்தில் நெறி இருக்கிறதா என்று பின்னால் நின்றுதான் தொட்டுப் பார்க்க வேண்டும். தலையில் பூ வைப்பதும் பின்னால் நின்றுதான். அந்த வழியைத்தான் பிடித்தேன். தீபாவளி, பொங்கல், வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் மல்லிகைச் சரத்தோடு போய் நிற்பேன். "வாம்மா, பூ வச்சு விடறேன்" என்பேன். அவள் வந்து முன்னால் உட்காருவாள். ஊக்கைக் குத்திவிட்டு, முடியை ஒதுக்குகிற மாதிரி காதுக்குக் கீழே, சங்கிலியைச் சரிசெய்கிற மாதிரி தோள் எலும்புக்கு மேலே, விரல் தானாக இறங்கும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லை என்றால் "பூ நல்லா நிக்குது" என்பேன். அவள் மூச்சு விடுவாள். எங்கள் இருவருக்கும் அது ஒரு பாஷை ஆகிவிட்டது.

கரண்டு வைத்த கழுத்தில் தைராய்டு மெதுவாகக் களைத்துப்போகும். அதற்கு மாத்திரை வேண்டும். வைட்டமின் பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் சத்து மாத்திரை என்று சொல்லிக்கொண்டாள். எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதைப் பூவுக்குப் பின்னால் மறைக்க முடியுமா? பிள்ளை உண்டானபோது ரத்தப் பரிசோதனையாவது நடந்ததே என்று எனக்கு ஒரு நிம்மதி. லண்டனில் படித்த படிப்பை வைத்துக்கொண்டு, திருடி மாதிரி சொந்த வீட்டுப் பெண்ணின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு விசேஷமும் எனக்குப் பரீட்சையாக இருந்தது. ஊரில் எல்லாரும் தீபாவளிக்குச் சந்தோஷப்பட்டால், இந்தத் தடவை விரலில் என்ன தட்டுப்படுமோ என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருப்பேன். கிளினிக்கில் அறிமுகமில்லாதவர்களுக்கு நோய் திரும்பினால் கலங்காமல் நின்று சொல்லக் கற்றிருந்தேன். இங்கே அந்தப் பாடம் உதவவில்லை. அப்படியே வருடங்கள் போயின. சோர்ந்து போனேன் என்று சொன்னால் போதாது.

பேத்திக்குப் பிறந்தநாள். பெட்டாலிங் ஜெயா வீடு முழுக்க பலூன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். மருமகள் மஞ்சள் சேலையில் வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். பூ வைத்தேன். விரல் இறங்கியது. இடது காதுக்குக் கீழே, கழுத்தின் பின் ஓரத்தில், வேர்க்கடலை அளவில் ஒன்று தட்டுப்பட்டது.

மறுபடி தொட்டேன். இருந்தது.

"பூ நல்லா நிக்குதா சின்னம்மா?" என்றாள் அவள். குரல் சின்னதாக இருந்தது. நான் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டேன் அல்லவா.

"நிக்குது, நிக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனேன். தண்ணீர் குடிக்க வேண்டும் போல இருந்தது. அங்கே அக்கா பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கேஸை அணைத்தாள்.

"எப்பக் கூட்டிட்டு வரணும்?" என்றாள்.

"யாரை?"

"நடிக்காதடி. வெள்ளிக்கிழமைதான உன் கிளினிக்கு? நான் கூட்டிட்டு வரேன். என்ன இருக்கு கழுத்துல?"

அரிசி டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். "தெரியல அக்கா. சின்னதா ஒண்ணு. எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றேன். இத்தனை வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள், கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டேன்.

"சரி. கண்ணைத் துடை. போய் கேக்கு வெட்டு, புள்ள காத்துக்கிட்டு இருக்கு."

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா தன்னிடம் பேசியதை மருமகளே பிறகு எனக்குச் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். வெள்ளிக்கிழமை சின்னம்மா கிளினிக்குக்குப் போகிறோம் என்று அக்கா சொன்னதும், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு "அத்தை, எனக்கு வந்து..." என்று அழ ஆரம்பித்திருக்கிறாள். "தெரியும். அந்தப் பக்கம் முனையைப் பிடி, போர்வை தரையில படுது" என்றாளாம் அக்கா.

அந்த வெள்ளிக்கிழமை என் கிளினிக் வராண்டாவில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிற கூட்டம் அது. அக்கா நடு பெஞ்சில் மருமகளின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அக்கம்பக்கத்தில் முறுக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். காஜாங் டாக்சிக்காரர் தொண்டையைக் காட்டி முடியாது என்று கையசைத்தார். அக்கா அவருடைய தண்ணீர் பாட்டிலையே மூடி திறந்து அவர் கையில் கொடுத்தாள். நான் கதவைத் திறந்ததும் வராண்டா முழுக்கக் கேட்கும்படி, "தங்கச்சி, என் மருமக வந்திருக்கா, எங்க நம்பர் எப்ப வரும்?" என்றாள். எல்லாரும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். அந்த வராண்டாவில் என்னை யாரும் அப்படிச் சத்தமாகக் கூப்பிட்டதில்லை.

சர்ஜன் கட்டியை எடுத்தார். முடிவு வரும்வரை நான் சாப்பிட்டது தூங்கியது எதுவும் ஞாபகம் இல்லை. வந்தது. சாதாரண நெறி, ஏதோ காய்ச்சலுக்கு வீங்கியது. நானே போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். மருமகள் "பொய் சொல்லலையே?" என்று பழைய மாதிரி கேட்டாள். அவளைக் கட்டிக்கொண்டேன். அக்கா ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மகனிடம் மருமகள் தன் வாயாலேயே சொன்னாள். அவனுக்கு அவள்மேல் இருந்த கோபம் சீக்கிரம் ஆறிவிட்டது. எங்கள்மேல்தான் ஆறவில்லை. வீட்டில் எல்லாப் பொம்பளைகளுக்கும் தெரியும், கட்டினவனுக்குத் தெரியாதா என்று கேட்டான். என்னோடு பல மாதம் பேசவில்லை. அவன் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவனே அவளைக் கொண்டுவந்து விட்டான். காரை விட்டு இறங்கவில்லை, ஆனால் கொண்டுவந்து விட்டான்.

அதற்கெல்லாம் முன்னால், முடிவு வந்ததற்கு மறுநாள் சனிக்கிழமை. அக்காவும் நானும் எப்போதும்போல பாசாருக்குப் போனோம். பாதி வழியில் கேட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"நீயும் நடிக்காத. எப்பத்திலேருந்து தெரியும்?"

"கிள்ளான் வீட்டுலயே தெரியும்" என்றாள் அக்கா. "எவ வந்தாலும் நகத்தைப் பார்த்து, நாக்கைப் பார்த்து, பாடாப் படுத்தறவ நீ. அன்னைக்கு அவ முன்னாடி வந்து நிக்கறா, நீ காலண்டரைப் பார்க்கற. இத்தனை வருஷமா உன்கூடத்தான பாசாருக்கு வரேன்? நீ யாரைப் பார்த்தா எவர்சில்வர் கடை பக்கம் திரும்புவேன்னு எனக்குத் தெரியாதா? அப்புறம் அந்தப் பூ. என் கல்யாணத்துக்கே நீ எனக்குப் பூ வச்சு விட்டதில்ல. நீ வச்சு முடிக்கறவரைக்கும் நான் உன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன். மூஞ்சி சரியா இருந்தா அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கும்."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். நான் தனியாகச் சுமந்தேன் என்று நினைத்த அத்தனை தீபாவளியையும் பொங்கலையும், அவளும் பக்கத்திலேயே நின்று சுமந்திருக்கிறாள். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"தெரிஞ்சும் ஏன்க்கா சம்மதிச்ச? ஒரே புள்ள."

அக்கா பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கான்னு நீதான காருல சொன்ன? நீ நல்லாக்கி விட்ட ஆளை உன் அக்கா நானே நம்பலைன்னா, இந்த ஊருல வேற எவ நம்புவா?" என்றாள்.

அப்போது எதிரே ஒரு பெண் தன் மாமியாரோடு வந்துகொண்டிருந்தாள். ரவிக்கைக்குள் கைத்துண்டு வைத்துக்கொண்டு என் கிளினிக்குக்கு வருகிறவள். என்னைக் கண்டதும் அவள் நடை தயங்கியது. நான் பழக்கத்தில் எவர்சில்வர் கடைப் பக்கம் திரும்பினேன். அக்காவும் கூடவே திரும்பி நின்று, அவர்கள் தாண்டிப் போகும்வரை கடைக்காரரிடம் குடத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.